மாதாந்தரக் கறிச்சாப்பாட்டுக் கூட்டத்தில் ஒருவருக்கு யூரிக் அமிலம்: பந்தியை எப்படித் தொடர்வது?

பெருந்துறைக்காரன் கேட்டது:

எங்கள் கூட்டம் ஆறு பேர். 1998-இல் ஈரோட்டில் ஒரே பாலிடெக்னிக்கில் நெசவுத் தொழில்நுட்பம் முடித்தவர்கள். முதல் சம்பளம் வாங்கிய மாதம் பெருந்துறைச் சாலையில் ஒரு மெஸ்ஸில் சேர்ந்து கறிச்சோறு சாப்பிட்டோம். அதிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு மதியம் என்று அது வழக்கமாகிவிட்டது. இன்று ஒருவர் விசைத்தறி வைத்திருக்கிறார், ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனி மேலாளர், ஒருவர் மஞ்சள் மண்டியில் கணக்குப் பார்க்கிறார், நான் சிப்காட்டில் ஓர் ஆலையில் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். தொழில் எப்படி ஏறினாலும் இறங்கினாலும் அந்த ஞாயிறு மட்டும் மாறவில்லை.

ஒவ்வொரு மாதமும் ஒருவருடைய முறை. முறைக்காரர்தான் கடையைத் தீர்மானிப்பார், அவரே பணம் கொடுப்பார். பங்கு பிரிப்பது கிடையாது. பள்ளிபாளையத்துக்கே போய், வரமிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காய்ச் சில்லும் மட்டும் போட்டு வறுத்த சிக்கனை அந்த ஊரிலேயே சாப்பிட்டிருக்கிறோம். பவானியில் ஆற்று மீனுக்காகக் காத்துக் கிடந்திருக்கிறோம். ஆனாலும் எங்கள் மனத்துக்குப் பந்தி என்றால் வெள்ளாட்டுக்கறிதான். மல்லியும் மிளகாயும் வறுத்து அரைத்து, தேங்காய் சேர்த்து, பட்டை கிராம்பு வாசம் தூக்காமல் வைக்கும் நம் பக்கத்துக் குழம்பு. அதற்கு ஈடாக இன்னொன்றை நான் வேறெங்கும் சாப்பிட்டதில்லை.

வெளியே இருப்பவர்களுக்கு மாதம் ஒரு ஞாயிறு என்பது எளிதாகத் தெரியும். நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு கஷ்டம் என்று. புரட்டாசியில் கறி இல்லை. கார்த்திகை பிறந்தால் இருவர் சபரிமலைக்கு மாலை போட்டுவிடுவார்கள். தைப்பூசத்துக்கு ஒருவர் பழனிக்கு நடக்கிறார், அதற்கு முன் விரதம். பங்குனியில் ஈரோட்டுப் பெரிய மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டுவிட்டால் மஞ்சள் மண்டிக்காரர் வீட்டில் கறிச்சட்டியே ஏறாது. ஞாயிற்றுக்கிழமையில் அமாவாசையோ கிருத்திகையோ வந்து விழுந்தால் அடுத்த வாரம். இத்தனைக்கும் நடுவில் கிடைக்கிற ஞாயிறுகளைப் பொறுக்கி எடுத்துத்தான் இவ்வளவு காலம் நடத்தினோம். விரத மாதங்களில் கோயிலுக்குச் சேர்ந்து போய் அன்னதானத்தில் உட்கார்ந்து எழுந்ததையும் நாங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்வோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்களில் விசைத்தறிக்காரரை எல்லோரும் பங்காளி என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய அப்பா மூலனூர்ப் பக்கம் ஆடு வளர்த்தவர். கறியைப் பற்றி எங்களுக்குத் தெரிந்த எல்லாமே அவர் சொல்லிக்கொடுத்ததுதான். எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் சமையல்கட்டு வாசலில் நின்று சட்டியைப் பார்த்துவிட்டு வருவார். இன்று குடல் வேண்டாம், ஈரல் வாங்கலாம் என்று அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. எலும்பு சூப், ரத்தப் பொரியல், தலைக்கறி, பிறகுதான் சோறு என்று வரிசை போட்டதும் அவர். சுவரொட்டி, அதாவது ஆட்டின் மண்ணீரல், வந்தால் எங்களில் யாருக்கு ரத்தம் குறைவோ அவருடைய இலைக்கு அதைத் தள்ளிவிடுவார்.

வைகாசியில் ஒரு ராத்திரி அவருடைய கால் கட்டைவிரல் சிவந்து வீங்கிவிட்டது. போர்வை பட்டாலே தாங்க முடியாத வலி. பரிசோதனையில் யூரிக் அமிலம் 9-க்கு மேல். கௌட், அதாவது யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் வாதம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஈரல், குடல், மூளை எல்லாம் நிறுத்த வேண்டும், ஆட்டுக்கறியை நன்றாகக் குறைக்க வேண்டும், மது கூடவே கூடாது என்பது கட்டளை.

அதிலிருந்து அவர் வருவதில்லை. “நீங்கள் நடத்துங்கள், நான் எதிரில் உட்கார்ந்தால் உங்களுக்குக் கை இறங்காது” என்கிறார். சைவ ஓட்டலுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டார். “எனக்காக யாரும் இலையை மாற்ற வேண்டாம்” என்றார். பந்தி நடக்கும் ஞாயிறன்று, தறி ஓடாத நாளாக இருந்தும், காலையிலேயே குடோனைத் திறந்து உள்ளே போய்விடுகிறார் என்று அவர் வீட்டில் சொல்கிறார்கள்.

அவர் இல்லாமல் நாங்கள் சாப்பிட்ட இரண்டு முறையும் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் இல்லாத பந்தியை நான் தொடரப்போவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அவரை நோயாளியாக நடத்தாமல், அவர் உடம்பையும் கெடுக்காமல், மறுபடி இலையில் உட்கார வைக்க வழி உண்டா? இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு பழைய வழக்கத்தை விடாமல் நடத்துகிறவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

கோபி மருந்தாளுநர் எழுதியது:

நான் மருத்துவர் இல்லை. ஆனால் இந்த மாத்திரைகளை வாங்க வருகிறவர்களிடம் தினமும் பேசுகிறேன்.

உறுப்புக்கறிகளில் பியூரின் என்ற பொருள் மிக அதிகம். உடம்பில் அது உடைந்துதான் யூரிக் அமிலம் ஆகிறது. ஈரல், சிறுநீரகம், மூளை, சுவரொட்டி எல்லாம் இந்த வகை. கடல் மீனில் மத்தியும் நெத்திலியும் அப்படித்தான். ஆட்டுச் சதைக்கறி இவற்றைவிடக் குறைவு, ஆனால் அளவு முக்கியம். பலரும் கவனிக்காதது சூப். பியூரின் தண்ணீரில் கரையும். எலும்பையும் கறியையும் மணிக்கணக்கில் கொதிக்க வைத்து வடித்த சாற்றில் அது இறங்கியிருக்கும். கறியைத் தொடவில்லை, வெறும் சூப்தான் குடித்தேன் என்று சொல்லிவிட்டு மறுநாள் நொண்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பருப்பு, பயறு, கீரைகளிலும் பியூரின் உண்டு என்று சிலர் அவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். காய்கறி, பயறு வகைகளால் கௌட் வருவது கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. பாலும் தயிரும் நல்லதையே செய்கின்றன. மதுவில் பீர் மிகவும் மோசம். சர்க்கரை போட்ட குளிர்பானங்களும் யூரிக் அமிலத்தை ஏற்றும், கறிச்சோற்றுக்குப் பின் கலர் குடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடச் சொல்லுங்கள்.

சாப்பாட்டுக் கட்டுப்பாட்டால் மட்டும் 9 என்ற அளவு பெரும்பாலும் வேண்டிய அளவுக்கு இறங்காது. அதற்குத்தான் அலோபூரினால், ஃபெபுக்சோஸ்டாட் போன்ற மாத்திரைகள். மருத்துவர் எழுதிக்கொடுத்திருந்தால் வலி இல்லை என்று பாதியில் நிறுத்தக் கூடாது. அளவு 6-க்குக் கீழே வந்து அங்கேயே நின்றால், மாதம் ஒரு நாள் நாலு துண்டு சதைக்கறிக்கு மருத்துவர் பெரும்பாலும் தடை சொல்ல மாட்டார். அதை அவரிடமே நேராகக் கேட்கச் சொல்லுங்கள். “கறி சாப்பிடலாமா” என்று பொதுவாகக் கேட்டால் வேண்டாம் என்றுதான் பதில் வரும். “மாதம் ஒரு முறை, 100 கிராம் தொடைக்கறி, சூப் இல்லாமல்” என்று கேட்க வேண்டும். வலி இருக்கும் நாட்களில் மட்டும் எதுவும் வேண்டாம்.

அந்தியூரான் எழுதியது:

எனக்கு வேறு கருத்து. அவர் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். நாக்கைக் கட்டியவனைக் கறிப்பந்தியில் கொண்டுபோய் உட்கார வைப்பது கொடுமை. வேறு எங்காவது சந்தியுங்கள். கொடிவேரிக்குக் குளிக்கப் போங்கள், டீ குடியுங்கள்.

பெருந்துறைக்காரன்:

அந்தியூர் அண்ணா, நீங்கள் சொல்வதில் அக்கறை இருக்கிறது, மதிக்கிறேன். ஆனால் டீக்கடையில் அவரை நான் வாரம் இரண்டு முறை பார்க்கிறேன். டீக்கடையில் இருப்பவர் வேறு ஆள். பந்தியில் உட்கார்ந்தால்தான் அவர் பேசுவார், அப்பாவைப் பற்றி, ஆடு மேய்த்த காட்டைப் பற்றி, தறிக் கடனைப் பற்றி. 2008-இல் நூல் விலையும் மின்வெட்டும் சேர்ந்து அவரை நசுக்கியபோது, தறியை விற்றுவிடலாமா என்று முதலில் வாய்விட்டுக் கேட்டது இலை முன்னால்தான். அந்த மதியம் ஐந்து பேரும் சேர்ந்து ஒரு தொகை புரட்டினோம். அதை நான் டீக்கடைக்கு மாற்ற முடியாது.

டாலஸில் ஒரு தாராபுரத்தான் எழுதியது:

நாங்கள் நம் பக்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் இங்கே டெக்சஸில் பல காலமாக ஸ்டேக் ஹவுஸில் கூடுகிறோம். உங்கள் பிரச்சினை எங்களுக்கு வேறு விதமாக வந்தது.

ஸ்டேக் என்றால் மாட்டிறைச்சியைக் கனமான துண்டாக அறுத்து, உப்பும் மிளகும் போட்டுக் கடுந்தணலில் சுடுவது. எங்களில் பாதிப் பேர் மாட்டுக்கறி தொடுவதில்லை. பட்டிப் பொங்கலுக்குக் காங்கேயம் மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வண்ணம் அடித்து வளர்ந்தவர்கள், அவர்களால் முடியாது. ஆனாலும் ஒருவரும் வராமல் இருப்பதில்லை. காரணம் அந்தக் கடையின் ஏற்பாடு. ஒவ்வொருவரும் தன் தட்டைத் தானே சொல்கிறார். ஒருவர் ரிப் ஐ என்ற மாட்டு விலாப்பகுதித் துண்டு, ஒருவர் சால்மன் மீன், ஒருவர் ஆட்டு விலாத்துண்டு, கூடவே முழுதாகச் சுட்ட உருளைக்கிழங்கு. வேக்காடும் அவரவர் விருப்பம். ஒருவருக்கு உள்ளே சிவப்பாக இருக்க வேண்டும், இன்னொருவருக்கு முழுக்க வெந்திருக்க வேண்டும். பக்கத்துத் தட்டைப் பார்த்து ஏன் இதைச் சொன்னாய் என்று யாரும் கேட்பதில்லை.

இன்னொன்று எடை. பட்டியலிலேயே எழுதியிருக்கும்: ஃபிலே என்ற எலும்பில்லாத மென்துண்டு 6 அவுன்ஸ், அதாவது 170 கிராம். ரிப் ஐ 16 அவுன்ஸ், 450 கிராமுக்கு மேல். சமைப்பதற்கு முன்னால் உள்ள எடை அது. அமரில்லோவில் ஒரு புகழ்பெற்ற கடை 72 அவுன்ஸ் ஸ்டேக்கைத் துணைப் பதார்த்தங்களோடு ஒரு மணி நேரத்தில் தின்றால் இலவசம் என்கிறது, இரண்டு கிலோ! அதை விடுங்கள். எனக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வந்த பிறகு, என்ன சாப்பிட்டேன் என்று கிராமில் தெரிகிற இடமாக அந்த மேசை இருப்பது பெரிய உதவி.

நம் பந்தியில் நேர்மாறு. ஒரே சட்டி, ஒரே கரண்டி, “இன்னும் ரெண்டு துண்டு” என்று அன்பால் இலையில் விழுந்துகொண்டே இருக்கும். மறுத்தால் பரிமாறுகிறவருக்கு மனம் நோகும். உங்கள் பங்காளி பயப்படுவது கறிக்கு அல்ல, அந்தக் கரண்டிக்கு என்று எனக்குத் தோன்றுகிறது. அவருடைய பங்கை ஒரு கிண்ணத்தில் எடைபோட்டு முதலிலேயே அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அதற்கு மேல் யாரும் அவர் இலைப்பக்கம் கரண்டியை நீட்டக் கூடாது. “போதுமா” என்றும் கேட்கக் கூடாது.

ஊத்துக்குளி சமையல்காரர் எழுதியது:

தாராபுரத்துத் தம்பி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. கிண்ணம் அவருக்கு மட்டும் வைத்தால் அது பத்தியச் சாப்பாடு ஆகிவிடும். ஆறு பேருக்கும் கிண்ணம் வையுங்கள்.

மெஸ்ஸை விட்டு ஒருவருடைய தோட்டத்தில் சமையுங்கள். கடையில் குழம்பில் என்ன இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடியாது. தோட்டத்தில் ஈரலும் குடலும் இந்தச் சட்டியில் சேராது என்று உறுதியாகச் சொல்லலாம். முதல் பதார்த்தம் எல்லோருக்கும் பொதுவாக, அவர் தாராளமாகச் சாப்பிடக்கூடியதாக இருக்கட்டும். அரிசியும் பருப்பும் சாதம் சுடச்சுட, மேலே உருக்கிய வெண்ணெய், தயிர். இல்லையென்றால் சந்தகை (இடியாப்பம் போன்றது) பிழிந்து ஒரு பங்கு எலுமிச்சை, ஒரு பங்கு தேங்காய்ப்பால். வயிறு பாதி நிறைந்த பிறகு கறி வரட்டும். குழம்பாக வேண்டாம், வறுவலாகப் போடுங்கள், துண்டை எண்ணி வைக்க முடியும். கடைசியில் நீர்மோர், ஒரு பானை நிறைய.

ஆட்டைப் பிடிக்கிற வேலை அவருடையது. பல்லைப் பார்த்து ஆட்டின் வயதைச் சொல்லத் தெரிந்த ஆள் உங்கள் கூட்டத்தில் அவர் ஒருவர்தானே.

பெருந்துறைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. இவற்றை எல்லாம் படித்துவிட்டு ஞாயிறு காலை குடோனுக்குப் போனேன். சாப்பிட வா என்று கூப்பிடவில்லை. ஐப்பசியில் தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு தோட்டத்தில் கிடாய் வெட்டிக் கூறு போடுகிறோம், ஆறு குடும்பமும் வருகிறது, எனக்கு ஆடு பார்க்கத் தெரியாது என்றேன். பாவு நூலைச் சரிசெய்துகொண்டே, “என்ன எடையில் வேண்டும்” என்று கேட்டார். பிறகு தானாகவே சொன்னார்: ரெண்டு பல் போட்டதாக இருக்க வேண்டும், காயடித்ததாக இருந்தால் வாடை இருக்காது, இடுப்பில் கை வைத்தால் எலும்பு குத்தக் கூடாது, குன்னத்தூர்ச் சந்தைக்கு விடியும் முன்பே போனால்தான் நல்லது கிடைக்கும். கிண்ணத்தைப் பற்றியும் சொன்னேன். ஆறு பேருக்கும் கிண்ணமா என்று உறுதிப்படுத்திக்கொண்டார். தலையும் குடலும் ஈரலும் மற்ற வீடுகளுக்குக் கூறில் போய்விடும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், கோபி நண்பர் சொன்ன சொற்களிலேயே. போன வாரம் அளவு 6.8 வந்திருக்கிறதாம். மாத்திரையை விடவில்லை.

ஊத்துக்குளி அண்ணா, குழந்தைகளோடு இருபத்து நான்கு பேர். வறுவலுக்கு எவ்வளவு கறி ஒதுக்க வேண்டும்?

ஊத்துக்குளி சமையல்காரர்:

அரிசியும் பருப்பும் சாதம் முதலில் போடுவதால் எலும்போடு ஐந்து கிலோ தாராளம். சின்ன வெங்காயம் இரண்டு கிலோ உரித்து வையுங்கள், உரிப்பதற்கு ஆள் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருடைய 100 கிராமை எலும்பு இல்லாமல் தொடையில் தனியாக எடுத்து, அதே சட்டியில் கடைசியாகப் போட்டுப் பிரட்டுங்கள். விறகு வேலங்கட்டையாக இருக்கட்டும்.