மறு: சிந்தெடிக் கன்னபினாய்டு – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். மூளையில் கஞ்சா வேலைசெய்யும் இடத்திலேயே வேலைசெய்யும்படி ஆய்வகத்தில் ஆக்கிய போதைப்பொருள்தான் சிந்தெடிக் கன்னபினாய்டு. அதற்குத் தமிழ்ச்சொல் தேடியபோது நீங்கள் சொன்ன யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘செயற்கைக் கஞ்சா’ என்றே இருக்கட்டுமே. செய்தித்தாள் படிப்பவருக்கும் புரியும்.

புரியும்தான் ஐயா. தவறாகப் புரியும் என்பதே என் கவலை. நோயாளிகளுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்க உட்கார்ந்தபோது நானும் முதலில் அதையே எழுதினேன். இரண்டாம் பக்கத்திலேயே ‘செயற்கைக் கஞ்சா, கஞ்சா சோதனையில் தெரியாது’ என்று ஒரு வரி வந்து நின்றது. படித்துப் பார்த்த தங்கை, “அப்ப அந்தச் சோதனை எதுக்கு?” என்று கேட்டாள்.

செயற்கை மழையும் மழைதான், நனைக்கும். செயற்கை உரமும் உரம்தான். அந்தப் பழக்கத்தில் ‘செயற்கைக் கஞ்சா’வை வாசிப்பவர், தொழிற்சாலையில் செய்த கஞ்சா என்றுதான் எடுத்துக்கொள்வார். பொட்டலத்தில் இருப்பது வேறு. ஏதோ ஒரு செடியின் காய்ந்த தழை; அதன்மேல் அசிட்டோனில் கரைத்த வேதிப்பொருளைத் தெளித்து உலர்த்தியிருப்பார்கள். கரைசல் ஓரிடத்தில் தேங்கும், இன்னோரிடத்தில் படாது. ஒரே பொட்டலத்தில் ஒரு சிட்டிகை ஒன்றும் செய்யாது, அடுத்த சிட்டிகை ஆளைச் சாய்த்துவிடும்.

கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி. மூலக்கூறுக்கும் தெளிக்கிற இந்த வேதிப்பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கும் உருவத்தில் உறவே இல்லை. மூளை செல்லில் இரண்டும் போய் உட்கார்ந்து வேலையைத் தொடங்கும் இடம், அதாவது ஏற்பி (ரிசெப்டர்), மட்டும் ஒன்று: சி.பி.1. அதிலும் டி.எச்.சி. அந்த ஏற்பியைப் பாதிதான் முடுக்கும். இவற்றில் பல முழுக்க முடுக்கிவிடும். 2016 ஜூலையில் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரே நாளில் 33 பேர் தெருவில் பொம்மைபோல வெறித்துக்கொண்டு நின்றார்களே, அது ஏ.எம்.பி.-ஃபுபினாகா என்ற பொருளின் வேலை. அதைக் கஞ்சா என்ற பெயரில் சொன்னால், கேட்கிற பையன் ‘கஞ்சாதானே’ என்று இழுப்பான்.

சட்டத்திலும் ஒட்டாது. இந்தியாவின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா என்றால் அந்தச் செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனி. நுனியோடு சேர்ந்து வராத இலையும் விதையும்கூடக் கணக்கில் இல்லை. இலையையே சேர்க்காத சொல்லுக்குள், செடியே இல்லாத ஒன்றை எப்படி அடைப்பது?

> ‘கஞ்சாப்போலி’. ஆல்கலாய்டைக் காரப்போலி என்கிறோமே.

இது எனக்குப் பிடித்திருந்தது, இரண்டு நாள் மனதில் வைத்திருந்தேன். ஆனால் நம் இலக்கணத்தில் போலி என்றால் என்ன? ‘அறம்’ என்ற இடத்தில் ‘அறன்’ வரும், ‘ஐந்து’ ‘அஞ்சு’ ஆகும். எழுத்து மாறினாலும் பொருள் மாறாது. இங்கே ஏற்பி என்ற இடம் மாறவில்லை, விளைவுதான் மாறிப்போகிறது. தலைகீழ்ப் போலி! அப்புறம், ‘போலி மருந்து’ என்று கேட்டுப் பழகிய காதுக்குக் கஞ்சாப்போலி என்றால் கஞ்சா என்று ஏமாற்றி விற்ற வைக்கோல்.

> மூலக்கூறின் அமைப்பை வைத்தே பெயர் சூட்டலாம். அறிவியலுக்கு அதுதான் முறை.

அமைப்பை நம்பினால் என்ன ஆகும் என்பதைச் சட்டக்காரர்கள் ஏற்கெனவே பட்டுத் தெரிந்துகொண்டார்கள். அமெரிக்காவில் கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் ஜான் ஹஃப்மன், ஏற்பியைப் புரிந்துகொள்வதற்காகச் செய்த மூலக்கூறுகளில் ஒன்று ஜே.டபிள்யூ.எச்.-018. அது ஐரோப்பாவில் ‘ஸ்பைஸ்’ என்ற பெயரில் ஊதுபத்திச் சரக்காக, ‘மனிதர் உட்கொள்ள அல்ல’ என்ற வரியோடு விற்ற பொட்டலங்களில் இருப்பது 2008 இறுதியில் ஜெர்மனியில் தெரிந்தது. 2009 ஜனவரியில் தடை. நாலே வாரத்தில் ஜே.டபிள்யூ.எச்.-073 போட்ட பொட்டலம் கடைக்கு வந்துவிட்டது. வித்தியாசம் என்ன தெரியுமா? மூலக்கூறின் வாலில் ஐந்து கார்பன் அணு இருந்த இடத்தில் நான்கு. அவ்வளவுதான்.

சரி, ஒவ்வொன்றாகத் துரத்தாமல் குடும்பத்தோடு தடுப்போம் என்று 2021 ஜூலை 1 முதல் சீனா ஏழு பொது அமைப்புகளை வரையறுத்துத் தடைசெய்தது. அந்த ஏழிலும் சிக்காத ‘ஆக்ஸிஸிட்’ என்ற புதிய மூலக்கூறு வகை அதே ஆண்டில் தலைகாட்டியது. பிரிட்டன் 2016இல் அமைப்பை விட்டுவிட்டு, மனநிலையை மாற்றும் எதுவானாலும் என்று விளைவை வைத்துச் சட்டம் எழுதியது. அப்படி எழுதியதும் தேநீர், மது, புகையிலை, மருந்து எல்லாவற்றுக்கும் தனித்தனியே விலக்கு எழுதவேண்டி வந்தது. கலைச்சொல் ஆக்குகிற நமக்கு அந்தச் சிரமம் நன்றாகவே தெரியும்.

ஆகவே மாறாமல் நிற்கிற ஏற்பியைப் பிடித்துக்கொள்வோம் என்கிறேன். ஒருவர் சொன்ன ‘கஞ்சேற்பி’ வேண்டாம். புணர்ச்சிப்படி ‘கஞ்சாவேற்பி’ என்றுதான் வரும், கேட்பவருக்கோ கஞ்சி ஊற்றும் பாத்திரம் நினைவுக்கு வரும். அதே ஏற்பியில் உட்கார மூளை தானே சுரக்கும் பொருளுக்கு 1992இல் நம் ‘ஆனந்தம்’ என்ற சொல்லிலிருந்துதான் ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். சித்த மருத்துவத்திலும் கஞ்சாவுக்கு ஆனந்தமூலி என்ற பெயர் உண்டு. அதனால் ‘ஆனந்த ஏற்பித் தூண்டி’ என்று எழுதிப் பார்த்தேன். எச்சரிக்கைக் கையேடு விளம்பரத் துண்டறிக்கை ஆகிவிட்டது. அடித்துவிட்டேன்.

என் முன்மொழிவு இரண்டு சொற்கள். வேதிப்பொருளுக்கு ‘கஞ்சா ஏற்பித் தூண்டி’. இதில் கஞ்சா, ஏற்பிக்குத்தான் அடைமொழி, பொருளுக்கு அல்ல. ஆனந்தமைடிலிருந்து பிரித்துச் சொல்லவேண்டிய இடத்தில் மட்டும் ‘ஆய்வகத்தில் ஆக்கிய’ என்று சேர்த்துக்கொள்ளலாம்.

தெருவில் விற்கும் சரக்குக்கு ‘மருந்தடித்த தழை’. மருந்தடித்த கத்தரிக்காய் என்றால் என்னவென்று சந்தைக்குப் போகிற யாருக்கும் விளக்க வேண்டாம். 2018இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் இந்தச் சரக்கை இழுத்தவர்களுக்கு மூக்கிலும் ஈறிலும் ரத்தம் நிற்காமல் வந்தது. 150 பேருக்கு மேல் பாதிப்பு, சிலர் இறந்தார்கள். கலந்திருந்தது புரோடிஃபகூம், அதாவது எலி மருந்து. ‘மருந்து’ என்ற சொல்லுக்குத் தமிழில் இருக்கும் இந்த இரட்டை முகம் இங்கே நமக்கு வசதி.

> தழையே இல்லாமல் தாளில் வருகிறதே, சிறைகளில்?

உண்மை, அதற்கு ‘மருந்தூறிய தாள்’ என்று வைக்கலாம். வீட்டிலிருந்து வந்த கடிதமோ குழந்தை வரைந்த படமோ போலவே இருக்கும். கிழித்துத் துண்டு துண்டாகப் புகைப்பார்கள். ஸ்காட்லாந்துச் சிறைகளில் 2021 இறுதியிலிருந்து கடிதத்தின் நகலைத்தான் கைதியிடம் கொடுக்கிறார்கள்.

தங்கையின் கேள்விக்கும் இப்போது விடை எழுத முடிகிறது: ‘சிறுநீர்ச் சோதனைப் பட்டை டி.எச்.சி. உடலில் சிதைந்து உண்டாகும் பொருளைத்தான் தேடும். மருந்தடித்த தழையில் டி.எச்.சி. இல்லை, அதனால் பட்டையில் ஒன்றும் தெரியாது.’ படித்துக் காட்டினேன், மறுகேள்வி வரவில்லை.

இன்னும் ஒரு சொல் மாட்டிக்கொண்டு நிற்கிறது. மூலக்கூறை அதன் நிறையை வைத்து அடையாளம் காணும் கருவியான நிறை நிறமாலைமானியில் (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) புதிய மூலக்கூறு ஒன்று தென்பட்டால், இன்னதுதான் என்று உறுதிசெய்ய அதே பொருளின் தூய மாதிரி ஆய்வகத்தின் கையில் இருக்க வேண்டும். சந்தையில் சரக்கு மாறும் வேகத்துக்கு அந்த மாதிரி வந்து சேராது, பாதிச் சிக்கல் அங்கேதான். ஆய்வக நண்பர்கள் ‘ஸ்டாண்டர்டு’ என்றே சொல்கிறார்கள். நான் ‘ஒப்புமாதிரி’ என்று போட்டிருக்கிறேன். ‘உரைகல்’ அழகாக இருக்கிறது, ஆனால் உரைகல் பொன் அல்லவே, இங்கே பொன்னையே பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். வெள்ளிக்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது. அதற்குள் யாராவது நல்ல சொல் தந்தால் மாற்றிவிடுவேன்.