நகரங்களுக்கு ஆற்று நீர்: கடைமடையின் அச்சம் நியாயமா?

கேள்வி:
வளரும் நகரங்களின் குடிநீருக்காக ஆற்றின் மேற்பகுதியில் எடுக்கப்படும் நீர், ஆண்டுச் சராசரியில் சொற்பமே என்கிறார்கள். அப்படியிருந்தும் கடைமடை மக்கள் அஞ்சுவது ஏன்?

பதில் 1:
சராசரி என்ற சொல்லில்தான் சிக்கலே இருக்கிறது. நகரம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவில் நீர் எடுக்கும்; ஆறோ கோடையில் மெலிந்துவிடும். கழிமுகத்தில் கடல்நீர் உள்ளே ஏறாமல் தடுப்பது அந்த மெலிந்த ஓட்டம்தான் என்பதால், அதுவும் குறைந்தால் முதலில் கிணற்று நீர் கரிக்கும், பிறகு பயிரின் இலைநுனி கருகும். உப்பேறிய மண் ஒரு மழையில் மீள்வதில்லை.

பதில் 2:
அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் தன் நீர்த் தேவைக்காக 1913-இல் ஓவன்ஸ் ஆற்றைத் திருப்பியது. அந்த ஆறு சென்று சேர்ந்த ஓவன்ஸ் ஏரி 1920-களிலேயே வறண்டது. அதன் படுகைப் புழுதியைச் சுற்றுவட்டார மக்கள் பல பத்தாண்டுகள் சுவாசித்தார்கள்.

பதில் 3:
நகரத்துக்கு நீர் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால், பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்து அதே ஆற்றில் விடுவதும், கோடையில் கீழே செல்ல வேண்டிய குறைந்தபட்ச ஓட்டமும் ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். கழிவுநீர் நேரே கடலுக்குப் போனால் கடைமடைக்கு அந்த நீர் முழுவதும் இழப்பே.