‘நீலப்பூச்சு’ வேண்டாம், ‘கருந்துரு’ என்போம்

குழுவினர்க்கு வணக்கம்.

துப்பாக்கி மேற்பரப்புச் சொற்பட்டியலில் ப்ளூயிங், அதாவது துருவைத் தடுக்கத் துப்பாக்கி எஃகைக் கறுப்பாக்கும் முறை, என்பதற்கு ‘நீலப்பூச்சு’ என்று போட்டிருக்கிறோம். இரண்டு பாதியும் பொருந்தவில்லை. அதன் நிறம் கறுப்பு. நன்றாக மெருகிட்ட எஃகில் வெளிச்சம் படும்போதுதான் நீலச் சாயல் தெரியும். பூச்சும் அல்ல. மேலே எதுவும் பூசப்படுவதில்லை. எஃகின் மேற்பரப்பே ஏறக்குறைய 1 மைக்ரான் ஆழத்துக்குக் கறுப்பு ஆக்சைடாக, அதாவது மேக்னடைட்டாக மாறுகிறது. ‘நீலமிடல்’ என்று மாற்றினாலும் வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுவதுதான் நினைவுக்கு வரும்.

‘கருந்துரு’ என்பது என் பரிந்துரை. செம்பில் படியும் பச்சைக்குக் களிம்பு என்ற பெயர் இருக்கிறது, இரும்பின் சிவப்புக்குத் துரு இருக்கிறது. இரும்பின் கறுப்புக்குத்தான் பெயர் இல்லை. பழைய செய்முறையும் இதற்கு இடம் தருகிறது: எஃகை வேண்டுமென்றே துருவேற விட்டு, கொதிநீரில் அவிப்பார்கள். செந்துரு கறுத்துவிடும். ஒட்டாத தூளை மெல்லிய கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி துருவேற்றுவார்கள். நிறம் ஆழமாகும்வரை இப்படிப் பல சுற்று.

⁂

ஐயா, வணக்கம்.

துருவை நீக்க வந்தவரிடம் ‘துரு ஏற்றுங்கள்’ என்றால் மிரள மாட்டாரா? இன்னொன்று. இந்தப் பட்டியலைப் புரட்டப்போகிறவர் தேய்ந்த கைத்துப்பாக்கிக்கு எதைத் தேர்வது என்று பார்ப்பவர். இரண்டாம் உலகப்போர்க் கால அமெரிக்க ராணுவக் கைத்துப்பாக்கியான எம்1911ஏ1 ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது ஆலையிலிருந்து பாஸ்பேட் மேற்பரப்போடு வந்தது. அதையும் குரோமியத்தையும் நிக்கலையும் பீங்கான் பெயின்டையும் ‘பூச்சு’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்திருக்கிறோமே, அவர் எப்படிப் பிரித்தறிவார்?

⁂

அம்மா, நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி. பாகத்தின் அளவு கூடுமா, கூடாதா என்பதைச் சொல்லே காட்டிவிட வேண்டும். மூன்றாகப் பிரிப்போம்.

‘ஏற்றல்’: உலோகத்தின் மேனியே மாறுவது. கருந்துரு ஏற்றலில் அளவு கூடாது என்றே கொள்ளலாம். பாஸ்பேட் ஏற்றலில் சில மைக்ரான் கூடும்.

‘முலாம்’: வேறு உலோகம் படிவது. கடினக் குரோமியம், நிக்கல்.

‘பூச்சு’: பெயின்ட் வகை மட்டும். செராகோட் போன்ற பீங்கான் பெயின்டுகள் ஒரு முகத்துக்குச் சுமார் 25 மைக்ரான் வரும். எம்1911இன் ஸ்லைடு (முன்பின் ஓடும் மேல்பாகம்) ஓடும் பள்ளத்தின் இரு சுவரிலும், அதில் பொருந்தும் பிரேம் (கீழ் உடல்) நாக்கின் இரு முகத்திலும் அதைப் பூசினால் இடைவெளியில் மொத்தம் 100 மைக்ரான் போய்விடும். இறுக்கமான துப்பாக்கி சிக்கிக்கொள்ளும். அதனால்தான் ஓடுபாதைகளை மறைத்துவிட்டுப் பூசுகிறார்கள்.

மிரட்சி பற்றி: செந்துரு பருத்து உதிரும், ஈரத்தை உள்ளே விடும். கருந்துரு அடர்த்தியாக ஒட்டி நிற்கும். ஆனால் எண்ணெய் இல்லாவிட்டால் அதுவும் வியர்வைக்குத் தாங்காது. ‘பாதுகாப்புப் பூச்சு’ என்றால் எண்ணெயை மறந்துவிடுவார். ‘துரு’ என்றால் மறக்க மாட்டார். அந்த எச்சரிக்கைக்காகவே இச்சொல்லை விடாப்பிடியாகக் கேட்கிறேன்.

உட்பிரிவுகளும் தேவை. சோடியம் ஹைட்ராக்சைடும் நைட்ரேட்டும் கலந்த குளியலில் ஏறக்குறைய 140 டிகிரி செல்சியசில் செய்வது ‘காரக் கருந்துரு’. பெயரிலேயே காரம் இருப்பது நல்லது: அலுமினியப் பிரேமை அதில் இறக்கினால் கரைந்துவிடும்; ஈயப் பற்றுவைத்த இரட்டைக் குழல்களின் இணைப்பும் கெடும். அத்தகைய குழல்களுக்குப் பழைய முறையான ‘அவித்த கருந்துரு’தான். காரக் குளியல் முடிந்ததும் இடுக்குகளில் தங்கும் உப்பைக் கொதிநீரில் போக்காவிட்டால் சில நாளில் வெள்ளையாகப் பூக்கும்.

கடைகளில் கிடைக்கும் ‘கோல்ட் ப்ளூ’வுக்கு கருந்துரு என்ற பெயரே தரக்கூடாது. பெரும்பாலானவை செலினியம், செம்புச் சேர்மங்களால் கறுப்புப் படிய வைப்பவை, மேக்னடைட் உருவாவதில்லை. உறையில் உரசியே தேய்ந்துபோகும். ‘குளிர்ச்சாயம்’ போதும். கீறலை மறைக்க உதவும், முழுத் துப்பாக்கிக்கு உதவாது.

உங்கள் எம்1911ஏ1க்கு பாஸ்பேட் ஏற்றலே பொருத்தம். அதன் ஆங்கிலப் பெயரான ‘பார்க்கரைசிங்’ என்பது 1915இல் தொடங்கிய பார்க்கர் நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்தது, அதை ஒலிபெயர்க்க வேண்டாம். மணல்வீச்சால் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப்பசை நீக்கி, கையுறையோடு மட்டும் தொட்டு, மாங்கனீசு பாஸ்பேட்டுக் குளியலில் 90 டிகிரிக்கு மேல் வைத்துக் குமிழி அடங்கும்வரை விட வேண்டும். விரல் பட்ட இடம் திட்டாகத் தெரியும். படிகப் பரப்பு எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதே இதன் சிறப்பு. துருப்பிடிக்கா எஃகில் இது பிடிக்காது. சேகரிப்பாளர் மதிக்கும் துப்பாக்கியானால் எதையும் ஏற்றாமல் விடுவதே மேல். அசல் மேனி போனால் விலையும் போகும்.

குரோமிய முலாம் பதிவில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: ஸ்பிரிங்குகளுக்குக் கூடாது. முலாமிடும்போது ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து நொறுங்க வைக்கும். கடினப்படுத்திய மற்ற பாகங்களையும் முலாமிட்ட சில மணி நேரத்துக்குள் 190 டிகிரியளவில் சூடேற்றி வைப்பார்கள்.

ஒன்று மட்டும் மூன்றிலும் அடங்கவில்லை. குளோக் துப்பாக்கிகளில் பெயர்பெற்ற டெனிஃபர் போன்ற உப்புக்குளியல் முறையில் நைட்ரஜன் எஃகுக்குள்ளேயே ஊறிக் கடினமாக்குகிறது. ‘நைட்ரஜன் ஊட்டல்’ என்று வைக்கலாமா?