இலவச சிந்தில் கமகம்: பிட்ச் பெண்ட், ஸ்ருதி, தம்புரா பற்றிய அனுபவங்கள்

சுதிப்பெட்டி:
கணினியில் ஓடும் சிந்தசைஸர் (சிந்த்) மென்பொருள்களான சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல், டெக்ஸ்ட் மூன்றுமே காசில்லாமல் கிடைக்கின்றன. ஆனாலும் "நம்ம ராகம் வாசித்தால் கீபோர்டு மாதிரியே கேட்கிறது" என்று பலரும் ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள். குறை ஒலியில் இல்லை. ஒரு காலத்தில் விலைக்கு விற்ற சர்ஜ் 2018-இல் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் திறந்துவிடப்பட்டது. அதில் இல்லாத ஆஸிலேட்டர் (ஒலியை உண்டாக்கும் பகுதி) வகை குறைவு. சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதை நாம் அமைக்காமல் விடுகிறோம், கோளாறு அங்கேதான். அந்த அமைப்புகளில் யாருக்கு என்ன சிக்கல் வந்தது, எப்படித் தீர்ந்தது என்பதை எண்களோடு எழுதுங்கள். பிட்ச் பெண்டிலிருந்து நானே தொடங்குகிறேன்.

பெரும்பாலான சிந்த்களில் பெண்ட் எல்லை, அதாவது சக்கரத்தைத் திருப்பினால் சுரம் நகரும் தூரம், மேலே 2, கீழே 2 அரைச்சுரம். "கமகத்துக்கு இது போதாது" என்று எடுத்தவுடன் 12-க்கு ஏற்றிவிடுகிறார்கள். அங்கேதான் முதல் அடி விழுகிறது. மிடியில் (கீபோர்டு சிந்துக்குத் தகவல் அனுப்பும் முறை) பெண்ட் 14 பிட், அதாவது 0 முதல் 16383 வரை, நடு 8192. எல்லை 12 என்றால் ஒரு படிக்கு 0.15 சென்ட்தான் (சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு), காதுக்குத் தெரியாது. ஆனால் விலை குறைந்த கீபோர்டுகள் சிலவற்றின் சக்கரம் உள்ளுக்குள் 128 படிகள் மட்டுமே அனுப்பும். அப்போது எல்லை 2-இல் ஒரு படி 3 சென்ட், எல்லை 12-இல் ஏறக்குறைய 19 சென்ட். இழுக்கும்போது படிக்கட்டில் இறங்குவது போலக் கேட்கும். உங்கள் சக்கரம் எப்படி என்று அறிய, டாவில் (பாட்டைப் பதிவு செய்யும் மென்பொருள்) பதிவு செய்து பெண்ட் மதிப்புகளைப் பாருங்கள். 128-இன் மடங்குகள் மட்டுமே வந்தால் அது 7 பிட் சக்கரம்.

கமகத்துக்கு 12 தேவையும் இல்லை. தோடி காந்தாரம் சுத்த ரிஷபத்துக்கும் சுத்த மத்யமத்துக்கும் நடுவே ஊசலாடுவது. ஸட்ஜம் சி கட்டையில் என்றால் காந்தாரக் கட்டையை அழுத்திக்கொண்டு மேலே 2, கீழே 2. எல்லை 2 அப்படியே பொருந்துகிறது. பொதுவாக 4 வைத்தால் பெரும்பாலான பிடிகள் அடங்கிவிடும்.

சர்ஜில் மேல் எல்லையும் கீழ் எல்லையும் தனித்தனி எண்கள். அதோடு ஸீன் ஏ, ஸீன் பி இரண்டுக்கும் தனித்தனியாக மாற்ற வேண்டும். ஒன்றை மறந்தால் இரண்டு அடுக்கும் வெவ்வேறு தூரம் நகர்ந்து அபஸ்வரமாகும். வைட்டலில் 'பெண்ட்' எண் ப்ரீசெட்டோடு சேமிக்கப்படுவதால், ப்ரீசெட்டை மாற்றும் ஒவ்வொரு தடவையும் அதைப் பாருங்கள்.

அலைக்கோடு:
சக்கரம் 7 பிட் என்றால் கவலை வேண்டாம் அண்ணா, மௌஸால் வரையலாம். ரீப்பர் என்ற டாவில் மிடி எடிட்டரின் கீழ்ப்பகுதியில் 'பிட்ச்' வரிசையைத் திறந்து, புள்ளிகளுக்கு இடையேயான வடிவத்தை பெஸியர் என்று மாற்றினால் வளைவு வழுவழுப்பாக வரும்.

வரையும்போது எல்லோரும் செய்யும் தவறு, சைன் அலை போல ஒரே சீராக ஏற்றி இறக்குவது. அது வைப்ராட்டோ ஆகிவிடும். எல்எஃப்ஓவை (தானாக ஏறி இறங்கும் மெதுவான அலை) 5, 6 ஹெர்ட்ஸில் பிட்ச்சோடு கோப்பதும் அதே கதைதான். கம்பிதத்தில் (சுரத்தை அசைக்கும் கமகம்) இரண்டு முனைகளிலும் தங்கும் நேரம் சமமாக இருக்காது. ஒரு முனையில் ஒரு கணம் நிற்கும், மறுமுனையைத் தொட்டுவிட்டுத் திரும்பும். அதனால் ஒரு அசைவுக்கு நாலு புள்ளி வையுங்கள்: நிற்கும் தொடக்கம், நிற்கும் முடிவு, தொடும் உச்சி, திரும்பி வந்த இடம். நிற்கும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நேர்கோடு, மற்றவற்றில் வளைவு. இரண்டாவது அசைவை முதலாவதன் நகலாக ஒட்டாதீர்கள். நீளத்தையும் உயரத்தையும் கொஞ்சமாவது மாற்றுங்கள்.

சர்ஜில் இதையே எம்எஸ்இஜி வைத்தும் செய்யலாம். எல்எஃப்ஓ வடிவங்களில் அது ஒன்று, நாம் வரையும் வடிவத்தைப் பிட்ச்சுக்கு அனுப்பும். மேடையில் வாசிப்பவர்களுக்கு இது உதவி. அதன் ஆழத்தைக் கீபோர்டின் இன்னொரு சக்கரமான மாட் வீலோடு இணைத்தால், எந்தச் சுரத்தை அசைக்க வேண்டுமோ அப்போது மட்டும் சக்கரத்தை ஏற்றலாம்.

இன்னும் இரண்டு விஷயம். பெண்ட் நடுவில் இருக்கும்போது பாட்டை நிறுத்திவிட்டு வேறு இடத்திலிருந்து ஓட்டினால், சிந்த் பழைய பெண்டிலேயே மாட்டிக்கொள்ளும், எல்லாமே ஸ்ருதி விலகிக் கேட்கும். ஒவ்வொரு மிடி துண்டின் தொடக்கத்திலும் பெண்டை நடு மதிப்பில் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். இரண்டாவது, பெண்ட் என்பது முழு சேனலுக்கும் சேர்த்துத்தான். மெலடியும் ஆதார ஸ்ருதியும் ஒரே சேனலில் போனால் காந்தாரத்தை அசைக்கும்போது ஸட்ஜமும் அசையும். ஸ்ருதியைத் தனி டிராக்கில், தனி சிந்தில் வையுங்கள்.

ஆறாம்கட்டை:
பெண்ட் சரியாக இருந்தும் "ஏதோ ஒட்டவில்லை" என்று தோன்றினால் ட்யூனிங்கைப் பாருங்கள். சம இடைவெளி ஸ்ருதியில் அந்தர காந்தாரம் 400 சென்ட். ஸட்ஜத்தின் மேற்சுரங்களிலேயே பிறக்கும் காந்தாரம் 5/4, அதாவது 386.3 சென்ட். ஸட்ஜம் 130.81 ஹெர்ட்ஸ் என்றால் அதன் ஐந்தாம் மேற்சுரம் 654. கீபோர்டின் காந்தாரமோ அதே ஸ்தாயியில் 659. நொடிக்கு ஐந்து தடவை அடித்துக்கொள்ளும். சும்மா வாசிக்கும்போது தெரியாது. கீழே தம்புரா ஓடும்போது சங்கராபரணம் காந்தாரத்தில் நின்று பாருங்கள், உடனே உறுத்தும். பஞ்சமத்தில் வித்தியாசம் 2 சென்ட்தான், அலை அடிப்பது இரண்டேகால் நொடிக்கு ஒன்று. சகித்துக்கொள்ளலாம்.

சர்ஜ், வைட்டல், டெக்ஸ்ட் மூன்றும் ஸ்காலா கோப்பைப் (சுர விகிதங்கள் எழுதிய ட்யூனிங் கோப்பு) படிக்கும். வெறும் நோட்பேடில் எழுதலாம். முதல் வரி ஏதாவது ஒரு விளக்கம், அடுத்த வரியில் 12. அதன்பின் வரிக்கு ஒன்றாக 16/15, 9/8, 6/5, 5/4, 4/3, 45/32, 3/2, 8/5, 5/3, 9/5, 15/8, 2/1. பெயரின் முடிவில் எஸ்சிஎல் என்ற நீட்சி வர வேண்டும். ஸட்ஜமான 1/1-ஐ எழுதக்கூடாது, அது தானாகவே உண்டு. எழுதினால் 13 வரியாகிவிடும், எண்ணிக்கையும் பொருந்தாது. சென்ட்டில் எழுதுவதாக இருந்தால் புள்ளி கட்டாயம். 386.314 என்றால் சென்ட். வெறும் 386 என்று எழுதினால் விகிதம் 386/1 என்று எடுத்துக்கொள்ளும், ஒலி காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். "கோப்பை ஏற்றியதும் சத்தமே இல்லை" என்பவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

இதோடு, எந்தக் கட்டையில் எந்தச் சுரம் விழும் என்று சொல்லும் கேபிஎம் கோப்பும் வேண்டும். இல்லையென்றால் ஸட்ஜம் சி கட்டையிலேயே நிற்கும். 5 கட்டையில் பாடுபவருக்கு (ஜி) வரிசையாக எழுத வேண்டியவை: 12, 0, 127, 55, 55, 195.998, 12, பிறகு 0 முதல் 11 வரை வரிக்கு ஒன்று. முதல் 55 ஸட்ஜம் விழும் மிடி எண், இரண்டாவது 55 அதிர்வெண் சொல்லப்படும் மிடி எண். ஒன்றரைக் கட்டைக்கு (சி ஷார்ப்) அந்த இரண்டும் 61, அதிர்வெண் 277.183. இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றினால் ஸட்ஜம் இடம் மாறும், ஸ்ருதி மாறாது, அல்லது தலைகீழாக நடக்கும்.

சர்ஜில் கோப்பை ஜன்னலின் மேல் இழுத்துப் போட்டாலே போதும். ட்யூனிங் மெனுவில் இரண்டு வழி இருக்கும்: மிடி உள்ளே வரும்போதே ஸ்ருதியை மாற்றுவது, மாடுலேஷன் (பெண்ட், எல்எஃப்ஓ போன்ற அசைவுகள்) முடிந்த பின் மாற்றுவது. இரண்டாவதை எடுத்தால் பெண்ட்டும் ஸ்காலா கோப்பின்படியே நகரும். காந்தாரத்திலிருந்து மத்யமத்துக்கு இழுத்தால் சரியாக 4/3-இல் போய் நிற்கும்.

ஒரே பன்னிரண்டு விகிதங்கள் எல்லா ராகத்துக்கும் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கமகம் நிறைந்த சுரத்துக்கு ட்யூனிங் கோப்பு பெரிதாக எதுவும் செய்யாது, அது ஒரு புள்ளியில் நிற்பதே இல்லையே. ஸ, ப, அசையாமல் நிற்கும் காந்தாரம், தைவதம் இவற்றுக்காகத்தான் இந்த மெனக்கெடல்.

நிழல்நாதம்:
தம்புராவுக்கு மாதிரி ஒலிகளைத் தேட வேண்டாம், சர்ஜின் 'ஸ்ட்ரிங்' ஆஸிலேட்டர் போதும். எக்ஸைட்டர் (தந்தியை மீட்டும் ஒலி) வகை பர்ஸ்ட்டில் ஒன்று. முதல் தந்தி, இரண்டாம் தந்தி இரண்டின் டிகேயும் (ஒலி தேயும் நேரம்) உச்சத்துக்கு அருகில். இரண்டாம் தந்தியின் டீட்யூன் 2 முதல் 3 சென்ட், அதற்கு மேல் போனால் தேன்கூட்டுச் சத்தம். ஆம்ப் என்வலப்பில் (ஒலியளவு நேரத்தோடு மாறும் விதம்) சஸ்டெய்ன் முழுதாக, ரிலீஸ் 4 நொடிக்கு மேல். ப்ளே மோட் பாலியில் இருக்க வேண்டும். மோனோவில் வைத்தால் அடுத்த தந்தி மீட்டியதும் முந்தையது அறுந்துபோகும்.

ஜீவாரிதான் (தம்புராவின் ரீங்காரம்) கஷ்டம். தந்தி பாலத்தை உரசுவதால் மேற்சுரங்கள் மீட்டிய கணத்தில் வருவதில்லை, ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்கும். அதனால் வேவ்ஷேப்பரை (அலையை வளைத்து மேற்சுரம் சேர்க்கும் பகுதி) லேசாகப் போட்டு, லோபாஸ் ஃபில்டரின் கட்ஆஃபை (மேற்சுரங்களை வெட்டும் எல்லை) என்வலப்போடு இணையுங்கள். அட்டாக் 300 முதல் 500 மில்லிசெகண்ட், டிகே 2 நொடி, ரெஸனன்ஸ் 40 சதவீதத்துக்கு உள்ளே. அட்டாக்கைச் சுழியாக வைத்தால் கிடார் ஆகிவிடும். ஸட்ஜம் சி என்றால் மீட்டும் வரிசை மிடி 43, 48, 48, 36. ஒரு சுற்றுக்கு 4 முதல் 5 நொடி. இடைவெளிகளைத் தாளத்துக்கு ஒட்ட வைக்காதீர்கள். கடைசி மந்திர ஸட்ஜத்துக்குப் பிறகு கொஞ்சம் கூடுதல் மூச்சு விடுங்கள்.

தாளக்கட்டை:
ஜாரு பற்றி யாரும் சொல்லவில்லை. ஸட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு வழுக்க 7 அரைச்சுரம் வேண்டும். அதற்காகப் பெண்ட் எல்லையை ஏற்றாமல், அடுத்த சுரத்துக்குத் தானாக வழுக்கும் போர்ட்டமென்டோவைப் பயன்படுத்துங்கள். சர்ஜில் 'மோனோ எஸ்டி எஃப்பி' மோட். எஸ்டி என்றால் இணைத்து வாசிக்கும்போது என்வலப் மறுபடி தொடங்காது. எஃப்பி என்றால் முந்தைய கட்டையை விடாமல் அடுத்ததை அழுத்தினால் மட்டுமே வழுக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் ஒரே மூச்சில் போனது போல இருக்கும். நேரம் 80 முதல் 150 மில்லிசெகண்ட். வைட்டலில் வாய்ஸ் எண்ணிக்கை 1, லெகாட்டோ ஆன், 'ஆல்வேஸ் க்ளைட்' ஆஃப். டெக்ஸ்டில் பெண்ட் ஸ்டெப் 0-இல் இருக்கிறதா என்று பாருங்கள். வேறு எண் இருந்தால் இழுப்பு துண்டு துண்டாக வரும்.

தூரத்துமிக்ஸ்:
மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் மிக்ஸில் கமகம் காணாமல் போவது உண்டு. யூனிசனும் (ஒரே சுரத்தைப் பல குரலில் ஒலிக்க விடுவது) ரிவெர்பும்தான் (அறை எதிரொலி) காரணம். யூனிசன் 7 குரல், டீட்யூன் 15 சென்ட் என்று வைத்த லீடில் 10 சென்ட் அசைவைக் காது எப்படிப் பிடிக்கும்? லீடுக்கு யூனிசன் 1, கோரஸ் வேண்டாம். ரிவெர்ப் நீளமாக இருந்தால், நழுவிப்போன பிட்ச் எல்லாம் அறைக்குள் தங்கி இப்போதைய சுரத்தோடு மோதும். இலவசமாகக் கிடைக்கும் ட்ராகன்ஃப்ளை ரிவெர்பில் டிகே 1.2 நொடி, ப்ரீடிலே 30 முதல் 40 மில்லிசெகண்ட், ஈரம் குறைவாக. வல்ஹாலா சூப்பர்மாசிவ் பேடுக்கு அருமை, கமக லீடுக்கு வேண்டாம்.

எஸ்எஃப்இஸட் கோப்பு வடிவ சாம்ப்பிள்களை (பதிவு செய்த வாத்திய ஒலிகள்) ஸ்ஃபோர்ஸான்டோ ப்ளேயரில் வாசிப்பவர்களுக்கு: அதில் பெண்ட் எல்லை கோப்புக்குள் சென்ட்டில் எழுதப்படும், எழுதாவிட்டால் 200. 400 ஆக்க வேண்டுமென்றால் கோப்பைத் திறந்து பெண்ட் அப் 400, பெண்ட் டவுன் மைனஸ் 400 என்று மாற்றுங்கள். பெண்ட் எல்லையைக் கூட்டியும் வாசிக்கும்போது இழுப்பு குறைவாக இருக்கிறதே என்று தேடுபவர்கள் இந்தக் கோப்பைத்தான் திறக்க மறக்கிறார்கள். ஆனால் சாம்ப்பிளை நாலு அரைச்சுரம் இழுக்கும்போது வாத்தியத்தின் உடம்பே சுருங்கும், குரல் பொம்மைக்குரல் ஆகும். நீண்ட இழுப்புக்கு சிந்த்தான் நல்லது. அங்கே ஃபில்டரின் கீட்ராக் (சுரம் ஏறினால் ஃபில்டரும் சேர்ந்து ஏறுவது) 100 சதவீதத்தில் இருக்கட்டும்.

முதல்ட்ராக்:
எல்லோருக்கும் நன்றி. தம்புரா ஒட்டுகிறது. ஆனால் கட்டையை அழுத்திய பிறகுதான் சத்தம் வருகிறது, கை தடுமாறுகிறது. விண்டோஸ், ப்ளூடூத் ஹெட்போன். எல்எம்எம்எஸ் 1.2 என்ற டாவில் சர்ஜ் தெரியவே இல்லை, அதனால் அதன் தனி நிரலைத் திறந்து வாசிக்கிறேன்.

சுதிப்பெட்டி:
தம்பி, முதலில் ப்ளூடூத்தைக் கழற்றுங்கள். அது மட்டுமே நூறு மில்லிசெகண்டுக்கு மேல் தின்னும், எந்த அமைப்பாலும் சரியாகாது. வயர் ஹெட்போன் போட்டபின், ஆடியோ கார்டோடு வந்த, தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். தனி கார்டு இல்லையென்றால் ஆசியோஃபார்ஆல். பஃபர் (ஒலியைச் சேர்த்து அனுப்பும் தொகுப்பின் அளவு) 256, 44100 சாம்ப்பிள் ரேட்டில் 5.8 மில்லிசெகண்ட். அதில் படபடவென்று வெடித்தால் 512, அதாவது 11.6. வாசித்துப் பதிவு செய்யும்போது சின்ன பஃபர், மிக்ஸ் செய்யும்போது 1024.

வெடிப்பு வைட்டலில் மட்டும் என்றால் பஃபரைத் தொடாமல் முதலில் ஓவர்சாம்ப்ளிங்கைக் (தரத்துக்காகக் கூடுதலாகக் கணக்கிடுவது) குறையுங்கள். யூனிசனையும் எண்ணிப் பாருங்கள்: மூன்று ஆஸிலேட்டரிலும் 16 என்றால் ஒரு கட்டைக்கு 48 அலை, நாலு சுரக் கார்டுக்கு 192.

எல்எம்எம்எஸ் 1.2 விஎஸ்டி3-ஐத் (சர்ஜ் போன்ற ப்ளக்இன்களின் கோப்பு வடிவம்) திறக்காது. கோப்பைத் தவறாக வைத்துவிட்டோமோ என்று தேட வேண்டாம். அதற்குள்ளேயே ஸின்ஆட்சப்எஃப்எக்ஸ் என்ற சிந்த் இருக்கிறது. சர்ஜ்தான் வேண்டுமென்றால் வேவ்ஃபார்ம் ஃப்ரீ போன்ற வேறு டாவுக்கு மாறுங்கள். அங்கேயும் தெரியவில்லை என்றால், ப்ளக்இன் சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ், காமன் ஃபைல்ஸ், விஎஸ்டி3 என்ற இடத்தில் இருக்கிறதா பார்த்து மறுபடி ஸ்கேன் கொடுங்கள். மேக்கில் அதே பெயர் லைப்ரரி, ஆடியோ, ப்ளக்இன்ஸ் என்பதன் கீழே. லினக்ஸில் வீட்டு அடைவில் புள்ளியோடு தொடங்கும் விஎஸ்டி3.

மாறியபின் தம்புராவை ஒரு டிராக்கில் ஓடவிட்டு, மேலே ஸ்ட்ரிங் இல்லாத வெறும் சைன் ஆஸிலேட்டரில் அந்தர காந்தாரத்தை நீட்டிப் பிடியுங்கள். அலை அடிக்காமல் உட்கார்ந்தால் ஸ்காலா கோப்பு ஏறியிருக்கிறது. அடித்தால் கேபிஎம்மில் அந்த இரண்டு மிடி எண்களைத் திரும்பப் பாருங்கள்.