2016 கப்ஸ் சீசன்: உங்களிடம் வந்து பேசியவர் யார்? (அனுபவப் பகிர்வு)

அடிசன்வாசி:

நேற்று சிகாகோ ரெட் லைன் ரயிலில் ஒரு பையன் எங்கள் ஊர் பேஸ்பால் அணியான கப்ஸின் வெளுத்துப்போன தொப்பி போட்டிருந்தான். தொப்பியில் 2016 சாம்பியன் என்று தையல். அந்த வருஷம் அவன் பிறந்தே இருக்க மாட்டான். அதைப் பார்த்ததும் பழைய ஞாபகம் எல்லாம் கிளம்பிவிட்டது, அதனால் இந்த இழை.

சிகாகோ கப்ஸ் அந்த வருஷம் 103 ஆட்டம் ஜெயித்தது, 1908-க்குப் பிறகு முதல் தடவையாக வேர்ல்ட் சீரிஸை (இறுதிப் போட்டி; முதலில் நான்கு ஆட்டம் ஜெயிக்கிற அணிக்குக் கோப்பை) எடுத்தது என்பதெல்லாம் எங்கேயும் படித்துக்கொள்ளலாம். எனக்கு வேண்டியது வேறு. இந்த ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் பத்து வருஷம் 'ஹாய்' சொல்லியே காலம் தள்ளுவார். அந்த ஒரு சீசனில்தான் முன்பின் தெரியாதவர்கள் நம்மை நிறுத்திப் பேசினார்கள். உங்களிடம் யார் பேசினார்கள்?

நான் தொடங்குகிறேன். 2015 கடைசியில் கப்ஸின் ரிக்லி ஃபீல்ட் மைதானத்துக்கு இரண்டு தெரு தள்ளிக் குடிவந்தேன். வீட்டுக்காரர் பார்க்கிங் பற்றி ஏன் மூன்று தடவை எச்சரித்தார் என்பது ஏப்ரலில்தான் புரிந்தது. ஆட்டம் உள்ள நாளில் எங்கள் தெரு தேர்த் திருவிழா. கீழ் வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருந்தார். எண்பதைத் தாண்டியவர், வாக்கர் வைத்துத்தான் நடப்பார். ஜூலையில் ஒரு சாயங்காலம் ஆபீசிலிருந்து வருகிறேன், வாசல் நாற்காலியில் இருந்தவர் என்னைப் பார்த்து, "கொடி என்ன?" என்றார்.

விழித்தேன். அப்புறம் அவரே விளக்கினார். ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர்போர்டுக்கு மேலே கொடி ஏற்றுவார்கள். ஜெயித்தால் வெள்ளைத் துணியில் நீல எழுத்து, தோற்றால் நீலத் துணியில் வெள்ளை எழுத்து. வேலை முடிந்து ரயிலில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தே முடிவைத் தெரிந்துகொள்வது அந்தக் காலத்து வழக்கம். ரேடியோ இருக்கிறதே என்று கேட்டேன். மொத்தம் ஒன்பது இன்னிங்ஸில் ஏழாவதோடு நிறுத்திவிடுவாராம், அவர் கடைசி வரை கேட்டால் அணி தோற்றுவிடுமாம். எனக்கு உடனே புரிந்துவிட்டது. சச்சின் ஆடும்போது எங்கள் வீட்டில் யாரும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது. அப்பா ஒருமுறை தண்ணீர் குடிக்கப் போய் மொத்தக் குடும்பத்திடமும் திட்டு வாங்கினார்.

அன்றிலிருந்து கொடி பார்த்துச் சொல்வது என் டூட்டி. கடைசி ஆட்டத்தன்று நடந்ததை அப்புறம் சொல்கிறேன். முதலில் நீங்கள்.

ராத்திரி டூட்டி:

நான் அப்போது புறநகரில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். 94 வயதுத் தாத்தா ஒருவர் இருந்தார். பேச்சு மிகக் குறைவு. ஊசி போடும்போதுகூட முகம் மாறாது. கப்ஸ் டாட்ஜர்ஸை 5-0 என்று ஜெயித்து வேர்ல்ட் சீரிஸுக்குப் போன அக்டோபர் 22 ராத்திரிதான் முதன்முதலாக அவராக வாயைத் திறந்தார்.

கப்ஸ் அதற்கு முன் வேர்ல்ட் சீரிஸ் ஆடியது 1945-இல். அப்போது அவர் பட்டாளத்தில், கடல் தாண்டி எங்கேயோ. தோற்றுவிட்டார்கள் என்று ஊரிலிருந்து கடிதம் வந்ததாம். "பரவாயில்லை, அடுத்த வருஷம் நேரில் பார்த்துக்கொள்கிறேன் என்று பதில் எழுதினேன்" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

நவம்பர் 2, வேர்ல்ட் சீரிஸில் க்ளீவ்லாந்து அணியோடு ஏழாவது ஆட்டம். எங்கள் இல்லத்தில் ஒன்பது மணிக்கு விளக்கு அணைக்க வேண்டும். அன்றைக்கு நான் அணைக்கவில்லை, டிவி சத்தத்தை மட்டும் குறைத்தேன். கப்ஸ் 6-3 என்று முன்னால் நிற்கிறது. எட்டாவது இன்னிங்ஸ், கப்ஸின் ஆரோல்டிஸ் சாப்மன் பந்து எறிகிறார். வேகத்துக்குப் பேர் போனவர், ஆனால் முந்தைய இரண்டு ஆட்டங்களிலும் அவரைப் போட்டுப் பிழிந்திருந்தார்கள். முதலில் ஒரு ரன் போனது. அடுத்து க்ளீவ்லாந்தின் ராஜாய் டேவிஸ் இடது பக்கம் அடித்த பந்து கம்பத்தை ஒட்டி ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி), இரண்டு ரன். 6-6. தாத்தா என்னைப் பார்த்து, "சரி, விளக்கை அணைத்துவிடு" என்றார். 1945-லிருந்து பழக்கப்பட்ட குரல்.

ஒன்பதாவது இன்னிங்ஸ் முடிந்து மழை வந்து ஆட்டத்தை நிறுத்தினார்கள். பதினேழே நிமிஷம். அந்த இடைவெளியில் வேறு அறைகளுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு வந்தால் தாத்தா தூங்கிவிட்டார். எழுப்புவதா வேண்டாமா? இந்த வயதில் நடுராத்திரி எழுப்பி, இன்னொரு தோல்வியைக் காட்டினால்? பத்தாவதில் கப்ஸின் பென் ஸோப்ரிஸ்ட் அடித்த பந்து மூன்றாம் பேஸ் கோட்டை ஒட்டி ஓடியதும் எழுப்பிவிட்டேன்.

கடைசிப் பந்து பார்த்தார். கப்ஸின் கிறிஸ் பிரையன்ட் ஓடிவந்து பந்தை எடுக்கும் முன்பே சிரிக்கிறார், ஈரத்தில் கால் வழுக்குகிறது, அப்படியே சக ஆட்டக்காரர் ரிஸ்ஸோவுக்கு எறிகிறார். 8-7. தாத்தா அழுவார் என்று நினைத்து டிஷ்யூ எடுத்து வைத்திருந்தேன். அவர், "பசிக்கிறது" என்றார். மணி பன்னிரண்டு. பிரெட் சுட்டுப் பால் கொடுத்தேன், இரண்டு துண்டும் சாப்பிட்டார்.

முழங்கால்:

எல்லாரும் கடைசி ஆட்டத்துக்கே ஓடுகிறீர்கள். சீசன் ஏப்ரலில் ஆரம்பித்ததே, அதைச் சொல்ல ஆள் வேண்டாமா?

அந்த மார்ச்சில் வாரக்கடைசி கிரிக்கெட்டில் எனக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்தது. ஏப்ரல் 7-ஆம் தேதி அரிசோனாவில் கப்ஸின் கைல் ஷ்வார்பர் ஒரு கேட்சுக்கு ஓடி, சக ஆட்டக்காரர் டெக்ஸ்டர் ஃபவுலரோடு மோதி விழுந்தார். அவருக்கும் அதே ஜவ்வு, கூடவே பக்கவாட்டு ஜவ்வும். சீசன் முடிந்தது என்று அறிவித்தார்கள். பிசியோதெரபி போகும் இடத்தில் பக்கத்து மேஜையில் ஒரு லாரி டிரைவர், அவருக்கும் அதே ஆபரேஷன். இரண்டு பேரும் காலில் ரப்பர் பட்டை கட்டிக்கொண்டு, வாரத்துக்கு இரண்டு நாள் ஷ்வார்பர் பற்றியே பேசுவோம். மே மாதம் அவர் சொன்னார்: "அவன் அக்டோபரில் ஆடுவான், பார்." நான் சிரித்தேன். பத்து டாலர் பந்தயம்.

அக்டோபர் 25, வேர்ல்ட் சீரிஸ் முதல் ஆட்டம். ஆறு மாதத்துக்கு மேல் பெரிய ஆட்டம் எதுவும் ஆடாதவர் வந்து நின்று, க்ளீவ்லாந்தின் கோரி க்ளூபர் எறிந்த பந்தை வலது சுவரில் அடித்து இரண்டாம் பேஸ் வரை ஓடினார். ஓடினார் என்பதுதான் எனக்கு முக்கியம். நான் அப்போதும் படியைப் பிடித்துத்தான் இறங்கிக்கொண்டிருந்தேன். ஃபீல்டிங் செய்ய டாக்டர்கள் அனுமதிக்கவில்லை, அதனால் பேட்டராக மட்டும் ஆடினார். அப்படியும் .412 சராசரி (பத்து முறையில் நான்குக்கு மேல் ஹிட்). கடைசி ஆட்டத்தின் பத்தாவது இன்னிங்ஸைத் தொடங்கிவைத்த சிங்கிளும் அவருடையதுதான், நர்ஸ் அக்கா அதை விட்டுவிட்டார்.

பத்து டாலரைக் கொடுத்தேன். அந்த மனிதர் அதற்கு ஒரு பேஸ்பால் வாங்கி எனக்கே கொடுத்துவிட்டார். "தையலை எண்ணிப் பார், 108. நாங்கள் காத்திருந்த வருஷமும் அதுதான்." எண்ணிப் பார்த்தேன், இரட்டைத் தையலாக எண்ணினால் சரியாக வருகிறது. நம் ஊரில் 108 என்றால் பிள்ளையாருக்குத் தேங்காய், இல்லாவிட்டால் ஆம்புலன்ஸ். இரண்டையும் அவருக்கு விளக்க அரை மணி நேரம் ஆனது.

எரிக்கரைக்காரன்:

தோற்ற ஊரிலிருந்து ஒரு குரல். நான் க்ளீவ்லாந்து.

எங்கள் அணியின் பெயர் அப்போது இந்தியன்ஸ் (2022 முதல் கார்டியன்ஸ்). ஆபீசில் யாராவது, "நீ இந்தியன்ஸ் ஆளா?" என்று கேட்டால் எதற்குப் பதில் சொல்வது என்றே தெரியாது. நான் அந்தத் தொப்பி போட்டுக்கொண்டு போனால் பஸ் டிரைவர் வரைக்கும் சிரிப்பார்கள். அந்தச் சின்னத்தில் இருந்த சிவப்பு முகத்தை அணி கைவிட்டதில் எனக்கு வருத்தம் இல்லை, அது வேறு பேச்சு.

நாங்களும் 1948 முதல் காத்திருந்தவர்கள்தான். 3-1 என்று முன்னால் இருந்தோம். ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தால் போதும். அந்த ஜூனில்தான் எங்கள் கூடைப்பந்து அணி 3-1 பின்னால் இருந்து மீண்டு கோப்பை வாங்கியது. அதே கணக்கை எங்களுக்கே திருப்பிக் கொடுப்பார்கள் என்று யார் கண்டது?

ஏழாவது ஆட்டத்துக்கு டிக்கெட் விலை என் இரண்டு மாத வாடகை. மைதானத்துக்கு வெளியே நின்றேன். 1973-லிருந்து ஒரு ரசிகர் பெஞ்சில் உட்கார்ந்து பெரிய மேளம் அடித்து வந்தார், அந்தச் சத்தம் தெருவுக்கே கேட்கும். டேவிஸ் ஹோம் ரன் அடித்தபோது நான் கட்டிப்பிடித்தது யாரை என்று திரும்பிப் பார்த்தால், கப்ஸ் சட்டை போட்ட ஒரு பெரியவர்! சிகாகோவிலிருந்து ஆறு மணி நேரம் கார் ஓட்டி வந்திருக்கிறார். கையில் டிக்கெட் இல்லை. சட்டென்று விட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர், "இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள், கால் நடுங்குகிறது" என்றார்.

மழையில் இரண்டு பேரும் ஒரு கடை வாசலில் ஒதுங்கினோம். உள்ளே கப்ஸின் ஜேசன் ஹேவர்ட் தன் அணியைக் கூட்டி வைத்துப் பேசிக்கொண்டிருந்தார் என்று பிறகு படித்தேன். எங்களுக்கு அதெல்லாம் தெரியாது, பெரியவர் தன் சர்க்கரை மாத்திரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். முடிந்ததும் அவர் கத்தவில்லை. என் தோளைத் தட்டிவிட்டு, "உங்களுக்கு 68 வருஷம்தானே ஆகிறது" என்றார். ஆறுதலா கிண்டலா என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை.

ரெண்டு பிள்ளைக்காரி:

என்னுடையது சின்னக் கதை. நவம்பர் 4 வெற்றி ஊர்வலம். 50 லட்சம் பேர் வந்ததாக நகராட்சி கணக்கு சொன்னது. அவ்வளவு பேர் வந்தார்களா என்பதில் எனக்குச் சந்தேகம்தான், ஆனால் பாதிப் பேர் என் ரயில் பெட்டியில் இருந்தார்கள். ஆற்றில் நீலச் சாயம் கலந்திருந்தார்கள். "அம்மா, யார் இங்க் கொட்டினது?" என்று கேட்ட என் சின்னவனை ஒரு ஆறடி மனிதர் கேட்காமலே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். வேறொரு நாளாக இருந்தால் போலீஸைக் கூப்பிட்டிருப்பேன். ஆட்டக்காரர்களின் பஸ்கள் எல்லாம் போய் முடிகிற வரை இறக்கவே இல்லை. பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

அடிசன்வாசி அண்ணா, பாட்டி கதையைப் பாதியில் விட்டுவிட்டீர்கள்.

அடிசன்வாசி:

சொல்கிறேன், சொல்கிறேன்.

ஆட்டம் க்ளீவ்லாந்தில், ஆனால் எங்கள் தெருவில் நிற்க இடமில்லை. எங்கள் நேரத்துக்கு 11:47 மணிக்குக் கடைசி அவுட். வெடி, ஹார்ன், அழுகை எல்லாம் ஒரே நேரத்தில். படியில் ஓடி இறங்கிப் பாட்டி கதவைத் தட்டினேன். உள்ளே விளக்கு எரிகிறது. ஊரே கத்துகிறது, அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் கதவைத் திறக்காமல் உள்ளிருந்தே, "கொடி என்ன?" என்றார்.

"வெள்ளை" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் தாழ்ப்பாள் விலகியது.

அடுத்த நாட்களில் மைதானத்தின் செங்கல் சுவர் முழுக்க மக்கள் சாக்பீஸால் பேர் எழுதினார்கள். இதைப் பார்க்காமல் போய்விட்டவர்களின் பேர்கள். அப்பா, பாட்டன், மாமா, ஒரு நாயின் பேர்கூடப் பார்த்தேன். பாட்டி ஒரு சீட்டில் தன் கணவர் பேரை எழுதிக் கொடுத்தார். கை எட்டுகிற உயரத்தில் இடமே இல்லை. முட்டி போட்டு, தரையோரமாக ஒரு செங்கலில் எழுதி, போட்டோ எடுத்து வந்து காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"எந்தப் பக்கச் சுவர்?"

"வேவ்லாண்ட் பக்கம்."

"ஐயோ, அவர் ரைட் ஃபீல்ட் பெஞ்சுக்காரர் ஆயிற்றே. வேவ்லாண்ட் பக்கத்து ஆட்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது."

சாக்பீஸ் மிச்சம் இருந்தது. மறுபடியும் கிளம்பி, ரைட் ஃபீல்ட் இருக்கிற ஷெஃபீல்ட் பக்கம் போனேன்.