புதுப்பிப்பு: பாஸ்க் நாட்டுப் பயணம், ஒருவழியாக முடிவாகிவிட்டது

வட ஸ்பெயினில் உள்ள பாஸ்க் நாட்டில் கார் இல்லாமல் ஐந்து நாள், பில்பாவோ நகரில் தங்குவதா, சான் செபஸ்தியானிலா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பாஸ்க் மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா என்ற பயமும் இருந்தது.

மூன்று இரவு பில்பாவோ, இரண்டு இரவு சான் செபஸ்தியான். இடையில் பஸ்தான், ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடும். யூஸ்கோத்ரென் ரயில் இரண்டரை மணி நேரம் ஆடி அசைந்து போகிறது. எனக்கு ஆசைதான், வீட்டில் ஓட்டு விழவில்லை.

குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்கு ஒரு காலை. அதைவிட கெர்னிகாவுக்கு அரை நாள் ஒதுக்கியதில்தான் திருப்தி. 1937 ஏப்ரல் 26 அன்று குண்டு போட்டு அழிக்கப்பட்ட ஊர். அங்குள்ள ஓக் மரத்தடியில்தான் பழைய சட்டசபை கூடியதாம். கஸ்தெலுகாச்சே தீவுக் கோயிலுக்கு 241 படிகள். நெரிசல் காலத்தில் இலவசச் சீட்டை முன்பதிவு செய்யவேண்டும், மறந்துவிடாதீர்கள்.

மொழிக் கவலை தேவையற்றது. ஸ்பானிஷ் எல்லா இடத்திலும் செல்லும். ஆனாலும் பாஸ்க் மொழியில் 'கைஷோ' (வணக்கம்), 'எஸ்கெரிக் அஸ்கோ' (நன்றி) இரண்டையும் மனப்பாடம் செய்துவிட்டேன். வேறெந்த மொழியோடும் உறவே இல்லாத தனி மொழி என்பதால் நாக்கு இன்னும் பழகவில்லை.

அப்புறம், பிஞ்சோ (பாஸ்க் நாட்டுச் சிறு தீனி) கடைகளில் சைவத்துக்கு என்ன கிடைக்கும்? 'கில்தா' என்ற பிஞ்சோவில்கூட ஆலிவ், மிளகாயோடு நெத்திலி இருக்கிறதே!