ராட்டினமும் ஒழுக்கும்: பருந்துக் கணக்குக்குச் சில சொற்கள்

அண்ணனுக்கும் குழு நண்பர்களுக்கும் வணக்கம்.

வலசை போகிற, அதாவது பருவத்துக்குப் பருவம் இடம் மாறிப் பறக்கிற பருந்துகளை எண்ணும்போது பயன்படுத்த அண்ணன் போன வாரம் அனுப்பிய தமிழ்ச் சொற்பட்டியலைத் தாளில் எடுத்துக்கொண்டு மலைக்கே போய்விட்டேன். ஒரு சொல் நிற்குமா விழுமா என்பது வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தால் தெரியாது. மியான்மரில், இந்த மோல்மேனில் எங்களுக்கு மலை என்றால் சைதன்லான் பயா என்ற புத்தர் கோயில் நிற்கிற அந்த நீள முகடுதான். மேற்கே கீழே ஊர், ஊரைத் தாண்டிச் சால்வீன் ஆறு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிலு தீவு. கழுத்து வலிக்கும்வரை தெற்கு வானத்தைப் பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

பட்டியலின் முதல் வரியிலேயே எனக்கு ஒரு தகராறு. ‘இளவேனில் கணக்கு’ என்று போட்டிருக்கிறீர்கள். ஆங்கிலத்து வசந்தத்தை அப்படியே கொண்டுவந்தால் நம் காலண்டரோடு இடிக்கும். இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும். மலேசியாவில் போர்ட் டிக்சன் பக்கம் தஞ்சோங் துவான் முனையில், சுமத்ராவிலிருந்து கடல் தாண்டி வரும் தேன்பருந்துகளை மார்ச் மாதத்தில் கூடி நின்று எண்ணுகிறார்கள். அது நமக்கு மாசியும் பங்குனியும், அதாவது பின்பனி. பின்பனியில் போகிற பறவையை இளவேனில் கணக்கில் எழுதினால் எந்தத் தமிழாசிரியரும் சிவப்பு மையில் வட்டம் போடுவார்.

பருவத்தை விட்டுவிட்டுத் திசையைப் பிடிப்போம். வடவலசை, தென்வலசை. ‘திரும்பு வலசை’ போதுமே என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். போதாது தம்பி. போன வழியாகவே திரும்புகிற வழக்கம் எல்லாப் பறவைக்கும் கிடையாது. ஜப்பானில் கூடு கட்டும் தேன்பருந்துகள் தெற்கே வரும்போது கிழக்குச் சீனக் கடலை ஒரே மூச்சில் தாண்டுகின்றன. வடக்கே போகும்போது அந்தக் கடலைத் தொடாமல் சீனா, கொரியா என்று நிலத்தைச் சுற்றிக்கொண்டு போகின்றன. செயற்கைக்கோள் கருவி மாட்டிப் பார்த்துக் கண்டுபிடித்த விஷயம் இது. இரண்டும் வெவ்வேறு பயணங்கள். வெவ்வேறு பெயரே இருக்கட்டும்.

அடுத்து ‘வெப்பக்காற்றோட்டம்’. இதைப் படிக்கிறவர் மனதில் அனல்காற்றுதான் வீசும். இங்கே காற்று வீசவில்லை, ஏறுகிறது. வெயில் பட்டுத் தரை சுட, தரையை ஒட்டிய காற்று லேசாகி மேலே எழும்புகிறது. அதில் சிறகை விரித்து நின்றால் அடிக்காமலே உயரம் கிடைக்கும். ஏறுவெயில் என்று நாம் தினமும் சொல்கிறோம். அதே தடத்தில் ஏறுகாற்று என்று வைத்துவிடலாம். வினைத்தொகை, அதனால் நடுவில் ‘க்’ வராது. தயவுசெய்து யாரும் ‘ஏறுக்காற்று’ என்று திருத்தி அனுப்ப வேண்டாம். கடல்நீர் தரையைப் போலச் சுடுவதில்லை, ஆகவே அதன் மேல் ஏறுகாற்றும் சரியாகக் கிடைக்காது. அகலச் சிறகுப் பருந்துகள் தீபகற்பத்தைப் பிடித்துக்கொண்டே போவதும், குறுகலான இடம் தேடிக் கடல் தாண்டுவதும் இதனால்தான். இந்தச் சொல்லில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

சண்டையே அடுத்த சொல்லில்தான். ஏறுகாற்றில் பத்து, இருபது, சில நேரம் நூறு பருந்துகள் ஒன்றுகூடிச் சுழன்று மேலே போகின்றன அல்லவா, அந்தக் கூட்டத்துக்கு என்ன பெயர்? ஆங்கிலத்தில் கெட்டில். அதை மொழிபெயர்த்தால் கெண்டி வரும். வானத்தில் கெண்டி வேண்டாம். அண்ணன் சொன்ன ‘சுழி’ எனக்கு முதலில் பிடித்திருந்தது. ஆற்றங்கரையில் வளர்ந்தவனுக்கு அது சட்டென்று புரியும். ஆனால் மலையில் தாளை விரித்ததும் சிக்கல் வந்தது. மணிக்கு மணி எண்ணிக்கை எழுத வேண்டும், பறவையே வராத மணிக்கும் எழுத வேண்டும். கூட வந்த பையன் ‘ஒன்பது மணிக்குச் சுழி’ என்று எழுதி வைத்திருக்கிறான். பருந்து சுழன்றதா, பூஜ்யமா? அவனுக்கே நினைவில்லை.

‘வட்டம்’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கும்பாபிஷேகத்தில் கருடன் வட்டமிட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள்தானே நாம். ஆனால் ஒரே பருந்து சுற்றினாலும் வட்டம்தான். நமக்கு வேண்டியது கூட்டத்தின் பெயர்.

சொல் கடைசியில் சித்தியிடமிருந்து வந்தது. சாப்பாட்டுத் தூக்கோடு படியேறி வந்தவர், அண்ணாந்து பார்த்து, “என்னடா இது, திருவிழா ராட்டினம் மாதிரி சுத்துது?” என்றார். இங்கே பயா திருவிழா ராட்டினத்தைப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். மோட்டார் கிடையாது, பையன்கள் கம்பியைப் பிடித்து உச்சிக்கு ஏறி, தங்கள் உடல் எடையாலேயே அதைச் சுற்றிவிடுவார்கள். ராட்டினம் நின்ற இடத்திலேயே சுற்றும், பருந்து மேலே போகுமே என்று அண்ணன் கேட்பீர்கள். கிணற்று ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அது வாளியை மேலே கொண்டுவருகிறது. தூய தமிழா என்று ஐயா கேட்பார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் முகட்டின் இந்தக் கோடியிலிருந்து கத்தினால் அந்தக் கோடியில் இருப்பவனுக்குப் புரிகிறது. அதோடு ராட்டினம் கட்டுகிறது, ராட்டினம் கலைகிறது என்று வினையும் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. வினை ஒட்டாத கலைச்சொல் அகராதியிலேயே படுத்துவிடும்.

ஆனால் ராட்டினம் மட்டும் இருந்தால் கணக்குத் தப்பும். இதைத்தான் முக்கியமாக எழுத வந்தேன். சுழலும்போது எண்ணவே முடியாது. முன்னால் போவது பின்னால் வரும், ஒன்று மற்றொன்றை மறைக்கும். நான் அறுபது என்றேன், பக்கத்திலிருந்தவர் தொண்ணூறு என்றார், இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. போதாக்குறைக்கு ஆற்றோரத்துச் செம்பருந்துகளும் ஓசிக் காற்று கிடைக்கிறதே என்று நடுவில் ஏறிக்கொள்ளும். அவை ஊர்ப் பருந்துகள், எங்கும் போவதில்லை. பொறுத்திருந்தால், உச்சியை எட்டிய பருந்து சிறகை லேசாக மடக்கி வடக்கே நழுவும். அதன் பின்னால் அடுத்தது, அதன் பின்னால் அடுத்தது. தேன்பருந்து என்றால் புறாவுக்கு இருப்பது போன்ற சின்னத் தலை முன்னே நீட்டித் தெரியும். அந்த வரிசையைக் கிளிக்கரில், அதாவது தட்டத் தட்ட எண் கூடும் கைக்கருவியில், தட்டிக்கொண்டே போகலாம். அடர்த்தியாக வந்தால் பத்துப் பத்தாகத் தட்டலாம். செம்பருந்து அந்த வரிசையில் சேராது. அது மறுபடி ஆற்றுக்கு இறங்கிவிடும்.

இந்த வரிசைக்கு நம்மிடம் பழைய சொல்லே இருக்கிறது. எறும்பு ஊர்ந்து போகிற வரிசையை எறும்பொழுக்கு என்கிறோம். இதைப் பருந்தொழுக்கு என்போம். மலையில் சுருக்கமாக ‘ஒழுக்கு’. புதிதாக வருகிறவருக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ராட்டினத்தில் தேடு, ஒழுக்கில் எண்ணு. ஒழுக்கு என்றதும் கூரை ஒழுகுவது ஞாபகம் வருகிறது என்று சித்தி சொன்னார். வரட்டுமே, அதுவும் சொட்டுச் சொட்டாக எண்ணக்கூடியதுதான்.

ஆகவே தாளில் ராட்டினக் கட்டத்தில் நேரமும் திசையும் மட்டும், எண் ஒழுக்குக் கட்டத்தில். எந்த ராட்டினத்திலும் சேராமல், காலையிலேயே தாழ்வாகச் சிறகடித்துக்கொண்டு தனியாகப் போகிறவற்றுக்கு மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டு, ‘உதிரி’ என்று தலைப்பு வைத்திருக்கிறேன். பூக்கடைச் சொல்தான். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை காலையில் ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்துவிடுவேன்.